தட்டில் ஏறாத பெயர்

மெட்டு என்றால் உங்களுக்குப் பாட்டு ஞாபகம் வரும். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு முதலில் மலைதான் ஞாபகம் வரும். போடிமெட்டு, தேவாரம்மெட்டு, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு என்று, கீழே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலமலைக்கு ஏறுகிற இடங்களுக்கெல்லாம் மெட்டு என்றுதான் பெயர். போடிநாயக்கனூரில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "ஐயா இருக்காரா?" என்று கேட்டு, "மெட்டுக்குப் போயிருக்காக" என்று பதில் வந்தால், அவர் சங்கீதம் கற்றுக்கொள்ளப் போயிருக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. ஏலத்தோட்டத்துக்குப் போயிருக்கிறார், திரும்பி வர ஒரு வாரம் ஆகலாம்.

இரண்டு மெட்டும் ஒன்றாய்ச் சேர்ந்து கிடந்த ஒரு பெட்டியைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

2023-ம் வருஷம் ஜூன் மாதத்தில் போடிக்கு மறுபடியும் ரயில் வந்தது. அகலப் பாதை போடுவதற்காகப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நிறுத்தி வைத்திருந்த வண்டி அது. அந்த ரயிலில் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற சின்னப் பிள்ளை ஆசை எனக்கு. அதற்கு ஒரு சாக்கும் கிடைத்தது. என் அத்தையின் வீட்டில் பரணைப் பிரிக்கிறார்கள், பழைய புஸ்தகங்கள் இருந்தால் நான் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அத்தைக்கு எண்பத்தெட்டு வயது. கண் தெளிவு, காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

புஸ்தகங்களைக் கறையான் முந்திக்கொண்டது. கிடைத்தது ஒரு கிராமபோன் பெட்டியும், ஏலக்காய்ச் சாக்கில் சுற்றி வைத்த எட்டுக் கறுப்புத் தட்டுகளும். 'வள்ளி திருமணம்' நாடக செட். எட்டில் ஒன்று இரண்டாய் உடைந்திருந்தது. மற்ற ஏழும், அத்தனை வருஷம் கழித்தும், ஏலக்காய் வாசனை அடித்தன. அந்தப் பெட்டி அறுவடைக் காலத்தில் தலைச்சுமையாக மலைக்கு ஏறி, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் இருந்துவிட்டு, தையில் மறுபடியும் கீழே இறங்குமாம். மாமாவுக்கு அது இல்லாமல் மலையில் தூக்கம் வராது என்றாள் அத்தை.

கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒருவர் பெட்டியின் ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். மதுரையில் பழைய சாமான் விற்கிற கடையில் ஊசி கிடைத்தது. சாவி கொடுத்துத் தட்டை வைத்தோம். முதலில் சோளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஆர்மோனியம். பிறகு வேலனாக வருகிறவரின் குரல், வெண்கலத்தைத் தட்டினாற்போல. வள்ளி பதில் சொல்கிறாள். தினைப்புனத்தில் தோழிப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து பாடுகிறார்கள். அவர்கள் குரல்கள் எங்கேயோ கொல்லைப்புறத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தன. நடுவே இரண்டு மூன்று விநாடி சலங்கைச் சத்தம். அவ்வளவுதான், தட்டு முடிந்துவிட்டது.

லேபிளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ராஜபார்ட்டின் பெயரும் ஸ்திரீபார்ட்டின் பெயரும் பூச்சி அரித்ததுபோக மிச்சம் இருந்தன. அவற்றின் கீழே ஒரே ஒரு வார்த்தை: 'பார்ட்டி'. பாடின தோழிகளும், சலங்கை கட்டி ஆடினவளும், ஆர்மோனியக்காரரும், மிருதங்கக்காரரும் எல்லாரும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கம்.

எனக்கு உடனே இன்னொரு இசைத்தட்டு ஞாபகம் வந்தது. அது அமெரிக்கத் தட்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் நம்முடைய நாடகம் எப்படித் தட்டில் ஏறியது என்ற கதை.

இந்தியாவில் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாட்டுப் பதிவு செய்ய ஆள் வந்தது 1902-ல். பிரெட் கெய்ஸ்பர்க் என்ற அமெரிக்கர், லண்டனிலிருந்த கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவுக்கு வந்தார். அந்த வருஷம் நவம்பரில் கோஹர் ஜான் அவருக்குப் பாடினார். பாடி முடித்ததும், தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, தம் பெயர் இன்னது என்று இங்கிலீஷில் ஓங்கிச் சொன்னார். கர்வத்தினால் என்று நினைக்க வேண்டாம். பதிவு செய்த மூலத்தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துத் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே இருக்கிற தொழிலாளிக்கு ஹிந்துஸ்தானியும் தெரியாது, தமிழும் தெரியாது. எந்தத் தட்டில் எந்த லேபிளை ஒட்டுவது என்று அவன் கண்டுபிடிக்க வேண்டுமே! அதற்காகத்தான் பாடினவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொன்னார்கள். அந்தக் காலத்துத் தட்டுகளை இன்று கேட்டாலும், பாட்டு முடிந்த கையோடு வருகிற அந்தப் பெயர் நம்மைத் தூக்கிவாரிப் போடுகிறது. செத்துப்போனவர் திடீரென்று வாசலில் வந்து நின்று, "நான்தான்" என்று சொல்கிற மாதிரி.

தனியாகப் பாடுகிறவருக்குத்தான் இந்தப் பாக்கியம். கூட்டத்தில் பாடுகிறவர் தம் பெயரை எந்த இடத்தில் சொல்வார்?

மைக் வருவதற்கு முன் பதிவு செய்த முறையும் அவர்களுக்கு விரோதமாகவே இருந்தது. சுவரில் ஒரு பெரிய தகரப் புனல் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் பாடினால், சத்தத்தின் அதிர்ச்சியே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். முக்கியமான பாடகர் புனலின் வாயில் முகத்தை வைத்துக்கொண்டு பாட வேண்டும். பக்கவாத்தியம் நாலடி தள்ளி. கோரஸ் பாடுகிறவர்கள் அதற்கும் பின்னால், சுவரோரமாக. 1920-களின் பிற்பகுதியில் மின்சார மைக் வந்து புனல் போயிற்று. ஆனால் யார் முன்னால் நிற்பது, யார் சுவரோரம் நிற்பது என்ற வரிசை போகவில்லை.

அதே சமயத்தில்தான் தமிழ்நாட்டில் கிராமபோன் தலைவிரித்து ஆடத் தொடங்கியது. 1928-ல் கல்கத்தாவுக்கு அருகே டம்டமில் கிராமபோன் கம்பெனியின் பெரிய தொழிற்சாலை ஏற்பட்டது. மதுரையிலிருந்து போடிக்கு 90 கிலோமீட்டர் ரயில் பாதை திறந்ததும் அதே 1928-ல்தான். ஏலக்காய் மூட்டை அதில் ஏறி வெளியே போயிற்று. கிராமபோன் பெட்டி அதில் ஏறி உள்ளே வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. தட்டு எதனால் செய்தது தெரியுமா? அரக்கினால். நம் நாட்டு மரங்களில் பூச்சி கூடுகட்டி உண்டாக்குகிற அரக்கு. ஆகையால்தான் எங்கள் எட்டாவது தட்டு, கீழே விழுந்த அப்பளம்போல இரண்டாகிக் கிடந்தது.

கர்நாடக சங்கீத வித்வான்கள் பலர் முதலில் தட்டுக்குப் பாடத் தயங்கினார்கள். மணிக்கணக்கில் ஆலாபனை செய்கிறவரை மூன்றரை நிமிஷத்தில் முடி என்றால் யார்தான் சம்மதிப்பார்கள்? நாடகக்காரர்களுக்கு அந்தச் சங்கடம் குறைவு. ஒன்ஸ்மோர் கேட்கிற ஜனங்களுக்கு நறுக்கென்று பாடிப் பழகினவர்கள் அவர்கள். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டுகள் வீட்டுக்கு வீடு பாடின. அவர் பிறந்தது 1906-ல். இறந்தது 1933 டிசம்பரில். இருபத்தேழே வயது. தட்டுகள் இல்லாவிட்டால் அந்தக் குரலைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதையெல்லாம் மிகை என்று நாம் தள்ளியிருப்போம். அவரோடு மேடையில் போட்டி போட்டுப் பாடி, அவரையே மணந்துகொண்ட கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள், சிறு பிள்ளையில் ரயிலில் பாடிப் பிழைத்தவர் என்று சொல்வார்கள். பிற்பாடு, 1935-ல் வெளிவந்த 'நந்தனார்' படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். மேடையில் குரல் உள்ளவர்களுக்கு ஏணி இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். காலை நம்பினவர்களுக்கு அது இல்லை.

தனிப் பாட்டுகள் நன்றாக விற்கவே, முழு நாடகத்தையே பல தட்டுகளில் அடக்கி, பெட்டியில் போட்டு, 'நாடக செட்' என்று விற்க ஆரம்பித்தார்கள். காரைக்குடியில் தட்டு விற்றுக்கொண்டிருந்த ஏ. வி. மெய்யப்பன், 1930-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸை நடத்தியது இந்த அலையின் நடுவில்தான். அந்த அனுபவத்தோடுதான் 1935-ல் 'அல்லி அர்ஜுனா'வைப் படமாக எடுத்தார். தமிழ் சினிமாவுக்குத் தாய் நாடகம் என்றால், கிராமபோன் தட்டை அதற்குச் செவிலித்தாய் என்று சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் மேடைச் சங்கீத நாடகத்தை, அதில் நடித்தவர்களையே பாடவைத்துத் தட்டுத் தொகுதியாக வெளியிடும் வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது 'ஒக்லஹோமா' என்று அந்த ஊர்க்காரர்கள் கொண்டாடுவார்கள். அது 1943-ல், ஆறு தட்டுகளாக வந்தது. நம் ஊர் நாடக செட்டுகள் அதற்குப் பல வருஷம் முந்தியவை. இதைப் படித்துவிட்டு யாராவது மார்தட்டிக்கொண்டால் நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் அந்தச் செட்டுக்குள் நாடகம் எவ்வளவு அடங்கியது? அதற்கு ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பட்டணத்து வாசகர்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சங்கரதாஸ் ஸ்வாமிகள் (1867-1922) எழுதி வைத்துவிட்டுப் போன 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' ஆகிய நாடகங்கள்தான் இன்றைக்கும் மதுரைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் நடக்கின்றன. இவற்றை ஸ்பெஷலாக நடிக்கிறவர்களுக்குக் கம்பெனி கிடையாது. ஒத்திகை கிடையாது. டைரக்டர் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் ஓர் ஊரிலிருந்து. இருவரும் அன்று இரவு கீற்றுக் கொட்டகைக்குப் பின்னால்தான் ஒருவரையொருவர் பார்த்துக் கும்பிடு போட்டுக்கொள்வார்கள். நாடகம் எல்லாருக்கும் மனப்பாடம். இரவு பத்து மணிக்குப் பபூன் வந்து ஆரம்பிப்பார். அவர் பாடி, ஜோக் அடித்து, ஜனங்களைச் சரிப்படுத்திய பிறகு, சலங்கை கட்டின ஒரு பெண் ஓரத்திலிருந்து ஆடிக்கொண்டு வருவாள். நோட்டீஸில் அவளுடைய வேஷத்துக்குப் பெயரே 'டான்ஸ்'. பபூனும் அவளும் மோதிக்கொள்வார்கள், வாதாடுவார்கள், ஆடுவார்கள். நள்ளிரவு நெருங்கும்போதுதான் உண்மையான கதை தொடங்கும். வள்ளிக்கும் வேலனுக்கும் தர்க்கம் முற்றி, கல்யாணம் ஆகும்போது கிழக்கு வெளுத்துவிடும்.

இந்த எட்டு மணி நேரத்தைப் பதினாறு பக்கத்தில், பக்கத்துக்கு மூன்றரை நிமிஷம் வீதம் அடைக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம்கூட வராது. பபூனின் ஹாஸ்யத்துக்குத் தனித் தட்டே உண்டு, அது விற்கும். ஆட்டத்தைத் தட்டில் எப்படி விற்பது? ஆகவே டான்ஸ்காரி போனாள். எங்கள் செட்டில் இரண்டு மூன்று விநாடி சலங்கை தப்பி வந்தது யாருடைய தயவோ தெரியவில்லை.

மேடையில் இவர்களுக்கு இருந்த மரியாதையும் அப்படித்தான். பாய்ஸ் கம்பெனிகளில் வரிசையாக நின்று கோரஸ் பாடின பையன்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சின்னப் பையனாகச் சேர்ந்த எம்.ஜி.ஆர். எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதும் உலகமறிந்த விஷயம். ஆனால் அந்த வரிசையில் அவருக்கு இரண்டு பக்கமும் நின்ற பையன்கள்? பதினாலு பதினைந்து வயதில் தொண்டை மாறும். அதை 'மகரக்கட்டு' என்பார்கள். வருஷக்கணக்காக நாயகி வேஷம் போட்ட பையன் ஒருநாள் காலையில் வாயைத் திறந்தால் தவளை கத்தும். அன்றோடு அவன் சமையற்கட்டுக்கோ, திரை இழுக்கவோ, வீட்டுக்கோ போக வேண்டியதுதான்.

பிறப்பும் விடாது. சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸ், வள்ளி திருமணத்தில் வேலனாக வந்து வெள்ளைக் கொக்கை விரட்டுகிற சாக்கில் வெள்ளைக்காரனை விரட்டிப் பாடினவர். அதற்காகப் பல தடவை ஜெயிலுக்குப் போனார். ஜனங்கள் வெறிகொண்டு கேட்டார்கள். அப்படியும், அவர் முடிதிருத்தும் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். 1940 டிசம்பர் 31-ந் தேதி இரவு, சென்னை மேடையில், மயில்மேல் முருகனாக உட்கார்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது. அவருக்காவது சரித்திரத்தில் ஒரு பெயர் இருக்கிறது.

நிற்க. அந்த அமெரிக்கத் தட்டுக்கு வருகிறேன்.

வெகு காலத்துக்கு முன் சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் அதைக் கேட்டேன். 'எ கோரஸ் லைன்' என்பது நாடகத்தின் பெயர். கதாநாயகி பாடும்போது பின்னால் வரிசையாகக் கால் தூக்கி ஆடுகிறார்களே, அந்தக் கும்பலைப் பற்றிய நாடகம். 1974 ஜனவரியில் ஓர் இரவு, நியூயார்க்கில் இருபது நடனக்காரர்கள் போல ஓர் அறையில் கூடினார்கள். நடனத்தை அமைக்கிற மைக்கேல் பென்னட் என்பவர் ஒலிநாடாப் பெட்டியை ஓடவிட்டு உட்கார்ந்தார். நள்ளிரவில் ஆரம்பித்து மறுநாள் பகல் வரை, ஒவ்வொருவரும் எப்படி ஆட வந்தோம், வீட்டில் என்ன நடந்தது, எதற்கு அழுதோம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்தக் கதைகளைப் பயன்படுத்திக்கொள்ள அவர்கள் எழுதிக் கொடுத்த சம்மதத்துக்கு விலை, ஆளுக்கு ஒரு டாலர். பிற்பாடு லாபத்தில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மார்வின் ஹாம்லிஷ் இசையமைத்தார். எட்வர்ட் க்ளீபன் பாட்டு எழுதினார். 1975-ல் நாடகம் மேடையேறியது. கதை மிகவும் சிறியது. எட்டுப் பேர்தான் வேண்டும்; பதினேழு பேர் வெள்ளைக் கோட்டின்மேல் நிற்கிறார்கள். இருட்டிலிருந்து ஒரு குரல் கேட்கிறது: உன் பெயர் என்ன, வயது என்ன, எந்த ஊர்? ஒவ்வொருவராக ஓர் அடி முன்னால் வந்து சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல அவர்கள் கும்பலாக இல்லாமல் மனிதர்களாக ஆகிறார்கள். ஒருவனுக்குக் கால் மடங்கி விழுகிறது. ஆட முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி எழுகிறது. கடைசியில் எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்தபின், எல்லாரும் ஒரே மாதிரித் தங்க நிற உடையும் தொப்பியுமாக வந்து ஆடுகிறார்கள். இப்போது யார் யார் என்று நமக்கு அடையாளமே தெரிவதில்லை! அவர்கள் பாடுகிற பாட்டும், அங்கே இல்லாத ஒரு நட்சத்திரத்தைப் புகழ்கிற பாட்டு. இந்த ஒரு யுக்திக்காகவே அந்த மனிதருக்கு நமஸ்காரம் செய்யலாம்.

அந்த வருஷமே, நடித்தவர்களையே பாடவைத்து, அமெரிக்கக் கொலம்பியாக் கம்பெனிக்காரர்கள் தட்டு வெளியிட்டார்கள். தயாரித்தவர் காடர்ட் லீபர்சன் என்ற கெட்டிக்காரர். அப்போது நெடுந்தட்டு வந்துவிட்டது; பக்கத்துக்கு இருபது இருபத்தைந்து நிமிஷம் கிடைக்கும். அப்படியும் இடம் போதவில்லை. பலர் மாறி மாறித் தங்கள் பிள்ளைப் பருவத்தைச் சொல்கிற நீண்ட பகுதியை வெட்டிச் சுருக்க வேண்டியதாயிற்று. பேச்சு அநேகமாகப் போய்விட்டது. ஆட்டம் போய்விட்டது, ஆட்டக்காரர்களைப் பற்றிய நாடகத்திலிருந்து ஆட்டம் போய்விட்டது! நண்பர் வீட்டில் அன்று கேட்டபோது, பாட்டுகளுக்கு நடுவில் வாத்தியம் மட்டும் வாசித்துக்கொண்டு போகிற இடங்களில் எனக்குச் சற்று அலுப்புத் தட்டியது. நாடகத்தின் கதையைப் படித்த பிறகுதான் புரிந்தது: அந்த இடங்களில் யாரோ ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தட்டின் உறையில் ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது. நாடகம் 6,137 தடவை நடந்து, 1990 ஏப்ரலில்தான் இறங்கியது. அதற்குள் எத்தனையோ பேர் வந்து அந்தக் கோட்டின்மேல் நின்றுவிட்டுப் போயிருப்பார்கள். தட்டில் நிற்பவர்கள் முதலில் நின்றவர்கள்தான்.

போடியில் தினைப்புனத்துத் தோழிகள் கொல்லைப்புறத்துக் குரலில் பாடியபோது இதெல்லாம் என் மனசில் ஓடியது. இரண்டாந் தடவை அதே பக்கத்தைப் போட்டேன். சலங்கைச் சத்தம் வந்ததும், "நிறுத்து" என்றாள் அத்தை.

ஊசியைத் தூக்கினேன்.

"நம்ம வீட்டுல ஒருத்தி தங்கியிருந்தாப்பா. டான்ஸ்காரி. நான் சின்னப் பிள்ளை, பத்துப் பதினொரு வயசு இருக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு நாடகம் போட மதுரையிலேருந்து வந்தாக. அப்ப ரயிலும் இல்லை. சண்டைக்காகத் தண்டவாளத்தையே பேத்துக்கிட்டுப் போயிட்டானுகல்ல."

அது உண்மைதான். இரண்டாவது உலக யுத்தத்தின்போது போடிப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள். நாடகக்காரர்கள் டிரங்குப் பெட்டியைப் பஸ் மேல் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார்கள்.

"ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் பெரிய வீட்டு மாடி. இவளுக்கு நம்ம வீட்டுப் பின் திண்ணை. எங்கம்மா தண்ணி குடுத்துச்சு. தனி டம்ளர். குடிச்சிட்டுக் கழுவிக் கவுத்தி வச்சா. நான் கிட்டப் போயி அவ சலங்கையைத் தொட்டுப் பாத்தேன். வேணுமான்னு கேட்டு, என் கால்ல கட்டிவிட்டா. நூறு மணி இருக்கும், அம்புட்டுக் கனம். எங்கம்மா பாத்துட்டு என் முதுகுல ரெண்டு வச்சுச்சு. அவ ஒண்ணும் சொல்லலை. அவுத்துப் பையில போட்டுக்கிட்டா."

"அவள் பெயர் என்ன அத்தை?"

அத்தை யோசித்தாள். "டான்ஸ்காரின்னுதான் சொல்லுவோம். பேரு கேக்கலையே." கொஞ்ச நேரம் கழித்து, "அவ என் பேரைக் கேட்டா" என்றாள்.

நான் தட்டைத் திருப்பி வைத்தேன்.

மறுநாள் அத்தையின் பேரன் ஜீப்பில் என்னை மலைக்கு அழைத்துப் போனான். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். காலையில் அந்த வழியில், கீழிருந்து தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுவார்கள். வடக்கே குரங்கணிப் பக்கம் இன்னொரு வழி இருந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறிய ரயில் டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைக் கொண்டுவர, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கி, போடிக்கு வண்டி கட்டிக் கொண்டுவருவார்கள். 1924-ம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. எங்கள் கிராமபோன் பெட்டி ஏறினதெல்லாம் வேறு வழியில். ஒற்றையடிப் பாதையில், யாரோ ஒருவர் தலையில்.

மாமாவின் தோட்டம் கைமாறி வெகு காலமாகிறது. ஸ்டோர் இருந்த இடத்தில் புதிதாகச் சூட்டடுப்புக் கட்டியிருக்கிறார்கள். ஏலச்செடிக்குக் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அவர்கள் பாடவில்லை. ஒருத்தியின் இடுப்பில் செருகியிருந்த செல்போன் பாடிக்கொண்டிருந்தது.

இறங்கி வரும்போது பேரனிடம் நாடக விஷயத்தைக் கேட்டேன். திருவிழாவில் இன்னும் வள்ளி திருமணம் போடுகிறார்களாம். வீட்டுக்கு வந்ததும் போன சித்திரையின் நோட்டீஸ் ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டினான். மஞ்சள் காகிதம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று வரிசையாக, ஒவ்வொருவருக்கும் தபால்தலை அளவில் ஒரு போட்டோ, பெயர், பட்டம், ஊர். டான்ஸ் வேஷக்காரியின் படம் கடைசிக்கு முந்தின வரிசையில். கொஞ்சம் சின்னதாகப் போட்டிருந்தார்கள். ஆனால் போட்டிருந்தார்கள்.

"ராத்திரி பூரா வீடியோ எடுத்தோம் மாமா" என்று பேரன் செல்போனைத் திறந்தான். பபூன் மேடையில் நின்றிருக்கிறார். ஓரத்திலிருந்து சலங்கை கேட்கிறது. அவள் வருகிறாள், சுற்றி ஆடுகிறாள், மோதிக்கொள்கிறார்கள், ஜனங்கள் சிரிக்கிறார்கள். பபூன், வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்கிறார்: நீ யாரம்மா, உன் பேர் என்ன, எந்த ஊர்? அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இரைக்க இரைக்கப் பெயரையும் ஊரையும் சொல்கிறாள்.

அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு செல்போன்மேல் குனிந்தாள்.

"என்ன சொன்னா? இன்னொரு தடவை போடச் சொல்லு. காதுல விழுகலை."

பேரன் பின்னால் தள்ளிப் போட்டான்.